சுவரில் இருக்கும் பெரியவருக்கு விலை என்ன?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியோ இசை பற்றியோ உரை நிகழ்த்துவது வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, பழைய உருவ ஓவியம் ஒன்றை அதன் உரிமையாளரிடம் விலைக்குக் கேட்பது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். கத்தரிக்காய் வாங்குவதற்கே நான்கு கடை ஏறி இறங்குபவர்கள் நாம். ஆயினும், ஒரு வீட்டுச் சுவரில் தலைமுறை தலைமுறையாக வீற்றிருக்கும் ஒரு பெரியவரை "என்ன விலை?" என்று கேட்க நேர்ந்தபோது எங்கள் நா எழவில்லை. அந்தத் தயக்கத்திலிருந்து நாங்கள் கற்றவற்றையே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் நூலகத்தில் நுழைந்தவுடன் எதிரே தெரியும் சுவர் வெறுமையாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். இந்நகருக்கு முதன்முதல் வந்து வேரூன்றிய தமிழர் ஒருவரின் உண்மையான உருவப்படத்தை அங்கே வைக்க வேண்டும் என்பது பல ஆண்டு ஆசை. அத்தகைய படம் ஒன்று இதே நகரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன்கூடத்தில் இருப்பதாகத் தெரிய வந்தது. அக்குடும்பத்தாரின் பெயரையும் தெருவையும் இங்குச் சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்கு நாங்கள் அளித்த வாக்கு.

படத்தைப் பற்றிச் சொல்லுமுன், இந்நகருக்கும் நமக்கும் உள்ள தொடர்பைச் சிறிது நினைவூட்டுதல் வேண்டும். இன்று வதோதரா என வழங்கும் இப்பரோடாவுக்கு 1875-ஆம் ஆண்டில் திவானாக வந்தவர் சர் டி. மாதவராவ். 1828-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில், தஞ்சை மராட்டியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்து பெயர் பெற்றவர். திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் எதிரே நிற்கும் அவருடைய சிலையால்தான் அந்நாற்சந்திக்கே 'ஸ்டாச்சு' என்று பெயர் வந்தது. அவர் 1882 வரை பரோடாவின் ஆட்சியைச் சீர்ப்படுத்தினார். அக்காலத்திலேயே, 1880-இல், மகாராஜா மூன்றாம் சயாஜிராவ் தஞ்சை அரச குலத்துப் பெண்ணை மணந்தார். அவ்வரசியாரோடு தஞ்சை நாட்டிய மகளிரும் நட்டுவனாரும் இங்கு வந்து சேர்ந்தனர். ஆகவே, காவிரிக் கரைக்கும் விசுவாமித்திரி ஆற்றுக்கும் இடையே உள்ள உறவு நேற்று முளைத்ததன்று.

அதே மாதவராவின் அழைப்பின் பேரில், சயாஜிராவ் ஆட்சிப் பொறுப்பேற்ற 1881-ஆம் ஆண்டில் இங்கு வந்தவர் ஓவியர் இரவிவர்மா. 1848-இல் கிளிமானூரில் பிறந்த அவருக்கு எண்ணெய் வண்ணக் கலை எளிதாகக் கைவரவில்லை. திருவனந்தபுரம் அரண்மனையில் இருந்த இராமசாமி நாயுடு அவருக்குக் கற்பிக்க மறுத்தார் என்பதும், அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து வண்ணம் கலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார் என்பதும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறும் செய்தி. 1868-இல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் வரைவதைத் தூர நின்று பார்க்க மட்டுமே இடங்கொடுத்தாராம். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்தாம் பரோடாவில் மாதக்கணக்கில் தங்கி, அரச குடும்பத்தாரின் உருவங்களைத் தீட்டினார். பின்னர் 1888-இல் சயாஜிராவ் பணித்தபடி, இலட்சுமி விலாச அரண்மனைக்காகப் புராணக் காட்சிகள் 14 வரைந்தார். இன்றும் அரண்மனை வளாகத்தில் உள்ள மகாராஜா பதேசிங் அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்களை நாம் காணலாம்.

இவ்வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் தேடிச் சென்ற படத்தில் இருப்பவர், மாதவராவ் காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்து, இங்குக் கணக்குத் துறையில் பணியாற்றியவர் என்பது அக்குடும்பத்தாரின் வழிவழிச் செய்தி. வெண்ணிறத் தலைப்பாகை, கழுத்து மூடிய நீண்ட கறுப்பு அங்கி, முழங்காலின் மேல் வைத்த வலக்கையில் மடித்த ஒரு தாள் — அமர்ந்த நிலையில் உள்ள படம். வலப்புறக் கீழ் மூலையில் ஆங்கில எழுத்தில் இரவிவர்மாவின் கையொப்பம். 1881-ஆம் ஆண்டில் இங்குத் தங்கியிருந்தபோது அந்தப் பெரிய ஓவியரே வரைந்தது என்று வீட்டார் பெருமையோடு கூறுவர். காலம் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது. ஆனால் காலமும் ஊரும் பொருந்தினால் மட்டும் கை பொருந்திவிடாது என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

வீட்டின் உரிமையாளர் எண்பது வயதைக் கடந்த அம்மையார். படத்தில் இருப்பவர் அவருடைய கணவரின் பாட்டனாருக்குத் தந்தை. மக்கள் மூவர், இருவர் கடல் கடந்து வாழ்கின்றனர். நாங்கள் சென்ற முதல் நாள் படத்தைப் பற்றியே பேசவில்லை. அம்மையார் கும்பகோணத்தைப் பற்றிக் கேட்டார்; மகாமகக் குளத்தைப் பற்றிக் கேட்டார்; எங்களில் ஒருவருடைய தாயார் பிறந்த தெரு, தம் பிறந்தகத்துக்கு அடுத்த தெரு என்று அறிந்து மகிழ்ந்தார். காப்பி அருந்தி விடைபெற்றோம். அந்தக் காப்பியை வீண்பொழுது என்று எண்ண வேண்டா. முன்பின் அறியாதார் வீட்டில் கால் வைத்தவுடன் சுவரைப் பார்த்து விலை கேட்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் நகையை நிறுத்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் முறை சென்றபோதுதான் எங்கள் விருப்பத்தைச் சொன்னோம். அம்மையார் சினக்கவில்லை. "விற்பதாக நான் சொல்லவில்லை, விற்கவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலில் அது என்ன என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளா" என்றார். மேலும் ஒரு செய்தி சொன்னார். எங்களுக்குச் சில வாரங்களுக்கு முன்பு பழம்பொருள் வணிகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "படம் பழையதாகிக் கெட்டுவிட்டது, தேக்குச் சட்டத்துக்கு வேண்டுமானால் 15,000 ரூபாய் தருகிறேன்" என்று கூறிச் சென்றாராம். அவருடைய பெயரை நாங்கள் கேட்கவும் இல்லை. அம்மையார் சொல்லவும் இல்லை.

அன்று மாலை எங்களுக்குள் கலந்து பேசி, விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காண்பது என்று முடிவு செய்தோம். படத்தில் இருப்பவர் யார்? வரைந்தவர் யார்? உரிமையாளர் யார்? சட்டம் என்ன சொல்கிறது? பழைய உருவ ஓவியம் எதை வாங்குவதாயினும், விற்பதாயினும் இந்நான்கையும் தாண்டியே செல்லுதல் வேண்டும்.

முதற் கேள்வி, இருப்பவர் யார் என்பது. உருவப்படத்தின் உயிர் அதில் உள்ளவரின் பெயரில் இருக்கிறது. பெயர் மறைந்த படம் 'தலைப்பாகை அணிந்த ஒரு மனிதர்' ஆகிவிடும். அருங்காட்சியகக் கிடங்குகளில் இத்தகைய பெயரற்ற மனிதர்கள் பலர் உறங்குகின்றனர். இங்கு நல்வாய்ப்பாக அம்மையாரிடம் பழைய கடிதக் கட்டு ஒன்று இருந்தது. அதில் படத்தைப் புதிய வீட்டுக்கு மாற்றியது பற்றி அவர் மாமனார் எழுதிய வரிகள் இருந்தன. பெயரும் உறவு முறையும் தெளிவாக இருந்தன. ஒரு கடிதம் நூறு வாய்மொழிக்குச் சமம்.

இரண்டாம் கேள்வி, வரைந்தவர் யார் என்பது. இதற்கு முதலில், இது ஓவியந்தானா என்று அறிய வேண்டும். பலரும் இங்குத்தான் இடறுவர். இரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பகுதியில் அச்சுக்கூடம் நிறுவிய பின், அவருடைய படங்கள் கல்லச்சில் பல்லாயிரமாகப் பரவின. அவற்றுள் சில, வார்னிஷ் பூசப்பட்டு, பார்வைக்கு எண்ணெய் ஓவியம் போன்றே இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வண்ணத்தின் அடியில் சிறு சிறு புள்ளிகள் தெரியும். அது அச்சு. அதைப் போலவே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைப்படத்தைப் பெரிதாக்கி, அதன் மேல் வண்ணம் தீட்டித் தருவதும் நம் நாட்டில் பெருவழக்காக இருந்தது. அவ்வகைப் படத்தில் முகம் நூற்றுக்கு நூறு மெய்யாக இருக்கும்; ஆனால் வண்ணம் தேய்ந்த இடங்களில் அடியிலுள்ள புகைப்படம் எட்டிப் பார்க்கும்.

அடுத்து, படத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். முன்புறம் பொய் சொன்னாலும் பின்புறம் எளிதில் பொய் சொல்லாது. கித்தானின் நெசவு, அதை இழுத்துக் கட்டிய உட்சட்டம், ஆணிகள், சட்டம் போட்ட கடையின் சீட்டு, யாரோ பென்சிலால் எழுதிய குறிப்பு — இவை யாவும் சாட்சிகள். வெள்ளை வண்ணமும் ஒரு சாட்சி. டைட்டேனியம் வெள்ளை என்பது 1920-களை ஒட்டித்தான் ஓவியர் கைக்குப் பரவலாக வந்தது. 1881-இல் வரைந்ததாகச் சொல்லும் படத்தின் மூல வண்ணத்தில் அது இருக்குமாயின், அப்படம் தன் வயதை மறைக்கிறது என்று பொருள்.

இவற்றை எல்லாம் நம் கண்ணால் மட்டும் முடிவு செய்தல் தகாது. ஆகவே, அம்மையாரின் இசைவு பெற்று, ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற வல்லுநர் ஒருவரை வீட்டுக்கே அழைத்துச் சென்றோம். படத்தை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்பது அம்மையாரின் விருப்பம். அது நியாயமான விருப்பமே. வல்லுநர் பகலில் படத்தின் முன்னும் பின்னும் பார்த்தார். புள்ளிகள் இல்லை; புகைப்படமும் இல்லை; கையால் எழுதிய எண்ணெய் ஓவியமே என்றார். கித்தானும் உட்சட்டமும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு ஏற்றவையே என்றார். அம்மையாரின் முகம் மலர்ந்தது.

பிறகு சன்னல்களை மூடி, புற ஊதாக் கதிர் விளக்கைப் படத்தின் மேல் காட்டினார். பழைய வார்னிஷ் அவ்வொளியில் பசுமை கலந்து மங்கலாக ஒளிரும். அதன் மேல் பிற்காலத்தில் எவரேனும் வண்ணம் தொட்டிருந்தால், அந்த இடம் மட்டும் கறுத்துத் தோன்றும். முகம் ஒளிர்ந்தது, அங்கி ஒளிர்ந்தது, கை ஒளிர்ந்தது. வலப்புறக் கீழ் மூலையில் கையொப்பம் மட்டும் மை கொட்டினாற்போல் கறுத்து நின்றது. பழைய வார்னிஷின் மேல், பல ஆண்டுகளுக்குப் பின், வேறொருவர் எழுதிய எழுத்து அது. அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

மூன்றாம் கேள்வி, உரிமையாளர் யார் என்பது. படத்தின் கீழ் வசிப்பவரே அதன் முழு உரிமையாளர் என்று கொள்ளுதல் கூடாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்தவரின் சொந்தச் சொத்து அவர் மனைவிக்கும், மகனுக்கும், மகளுக்கும், தாயார் இருப்பின் அவருக்கும் ஒருங்கே சேரும். கூட்டுக் குடும்பச் சொத்தாயின், 2005-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் மகளுக்கும் மகனுக்கும் பிறப்பாலேயே ஒத்த உரிமை உண்டு. வீடும் நிலமும் என்றால் நாம் இதைக் கேட்போம். படம் என்றால் மறந்துவிடுவோம். பின்னாளில் ஒரு மகள் வந்து, "என் பாட்டனார் படம் எங்கே?" என்று கேட்பாரானால், வாங்கியவர் என்ன விடை சொல்வார்? ஆகவே, மக்கள் மூவரின் எழுத்து மூலமான இசைவு இன்றிப் பேச்சைத் தொடர மாட்டோம் என்று அம்மையாரிடம் சொன்னோம். "என் பெண்ணுக்கும் எழுதுவீர்களா?" என்று வியப்போடு கேட்டார். அவர்களுக்குத்தான் முதலில் எழுதினோம்.

நான்காம் கேள்வி, சட்டம் என்ன சொல்கிறது என்பது. இதைத் தாய்மார்களும் பெரியோர்களும், முக்கியமாக மக்களை அயல்நாட்டுக்கு அனுப்பி வைத்துள்ளோரும், செவி கொடுத்துக் கேட்க வேண்டுகிறோம். 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் ஒன்று உள்ளது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய ஓவியம், அது யார் வரைந்ததாயினும், தொல்பொருள் ஆகும். அதனைத் தனி மனிதர் எவரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்லுதல் ஆகாது. மீறினால் ஆறு மாதத்திற்குக் குறையாது மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சொந்தப் பாட்டனாரின் படமாயினும் பேரன் அதைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்ற முடியாது. நூறாண்டு ஆகாத படமாயினும் ஐயம் எழக்கூடும். அப்போது இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து, இது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுதல் நன்று.

பழைய ஓவியங்களைப் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும்; கைமாறினால் அதனையும் அவருக்கு அறிவித்தல் வேண்டும். பழம்பொருள் வாணிகம் நடத்துவோர்க்கு உரிமம் தேவை. உள்நாட்டில் விற்பதையோ வாங்குவதையோ சட்டம் தடுக்கவில்லை. இரவிவர்மாவின் படங்களுக்கோ மேலும் ஒரு காவல் உண்டு. 1979-இல் அவருடைய படைப்புகள் நாட்டின் கலைச்செல்வங்கள் என அரசால் அறிவிக்கப்பட்டன. இரவீந்திரநாத் தாகூர், அமிர்தா சேர்கில், நந்தலால் போஸ், யாமினி ராய் முதலியோரும் அவ்வரிசையில் உள்ளனர். ஆகையால், அவர்களுடைய படைப்புகள் நூறாண்டு ஆகாவிடினும் கடல் கடக்க இயலாது.

நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. இனி விலை. இங்குத்தான் எங்கள் குழுவில் கடுமையான வாதம் எழுந்தது.

இரவிவர்மா என்னும் பெயருக்கு இன்று உள்ள மதிப்பு சிறிதன்று. 2023-ஆம் ஆண்டில் யசோதையும் கண்ணனும் உள்ள அவருடைய ஓவியம் ஒன்று மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குச் சென்றது. அதே காலத்தில், அதே கலைத்திறத்தோடு, பெயர் அறியாத ஒருவர் வரைந்த உருவப்படம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெறுமாயின் அரிது. கையொப்பம் உண்மை என்று அம்மையார் நம்பிக்கொண்டிருந்தால், எங்கள் சங்கத்தின் நிதி அவருடைய வாசற்படியைக் கூடத் தாண்டாது. பொய் என்று தெரிந்தால், நாம் வாங்கக் கூடிய விலைக்கு வரும். வல்லுநர் விளக்குக் காட்டிய அன்று அம்மையார் அங்கேயே இருந்தார். ஆயினும் கறுத்த எழுத்தின் பொருள் அவருக்கு முழுதும் விளங்கவில்லை. "நம் நன்மைக்காக அன்றி, நூலகத்தின் நன்மைக்காகத்தானே வாங்குகிறோம், உடனே சொல்லி விலையைக் கேட்டுவிடலாம்" என்றார் ஒருவர். "வல்லுநரின் அறிக்கை எழுத்தில் வரட்டும், அதனை மக்கள் மூவரும் படிக்கட்டும், அதற்கு முன் விலை என்னும் சொல் நம் வாயில் வரக் கூடாது" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் கேட்ட கேள்வியே வழக்கைத் தீர்த்தது: "கையொப்பம் உண்மையாக இருந்து, நமக்கு மட்டும் அது தெரிந்திருந்தால், நாம் சொல்லியிருப்போமா?"

சொல்லியிருப்போம் என்று ஒருமனதாக விடை சொல்ல முடியாதவர் பிறர் படத்துக்கு விலை பேசக் கூடாது. அதிகம் அறிந்தவர் வாங்குபவராகவும் குறைவாக அறிந்தவர் விற்பவராகவும் இருக்கும் சந்தையில், அறிவை மறைத்துப் பெறும் இலாபம் இலாபம் அன்று. தேக்குச் சட்டத்துக்கு விலை சொன்ன வணிகரின் செயலை நாம் எதற்காகக் கடிந்தோமோ, அதே செயல் சங்கத்தின் பெயரால் நடந்தால் இனிக்குமா? ஆகவே அறிக்கையை முழுதும் தமிழில் எழுதி, அம்மையாரிடம் அமர்ந்து படித்துக் காட்டினோம். படியெடுத்து மக்களுக்கும் அனுப்பினோம். பெயர் அறியாத ஓவியரின் படத்திற்கு என்ன மதிப்புக் கூடும் என்பதை எங்களோடு தொடர்பில்லாத இருவரிடம் தனித்தனியே கேட்டு, அவ்விரு மதிப்புகளையும் அப்படியே எழுதிவைத்தோம். சங்கத்தால் இயன்ற தொகை எவ்வளவு என்பதையும் மறைக்கவில்லை.

அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், தம் மாமனார் காலத்தில் படத்தைத் துடைத்துப் புதுச்சட்டம் போடக் கடைக்கு அனுப்பியதும், திரும்பி வந்தபோது மூலையில் எழுத்துகள் "பளிச்சென்று" தெரிந்ததாக வீட்டில் பேசிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அதற்கு முன் எழுத்து இருந்ததா என்று எவரும் கேட்டதில்லை. "கையெழுத்துப் பொய்யாக இருக்கட்டும். முகம் பொய் இல்லையே. என் வீட்டுக்காரருக்கு வயதான போது இதே முகம்தான்" என்றார். அவ்வளவுதான்.

பெரிய நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. பசிபிக் தீவிலிருந்து 1774-இல் இங்கிலாந்து சென்ற ஓமாய் என்னும் இளைஞரை, ஜோசுவா ரெனால்ட்ஸ் என்னும் பேரோவியர் 1776-ஐ ஒட்டி முழு உருவமாக வரைந்தார். அது நெடுங்காலம் ஒரு பிரபுக் குடும்பத்தின் மாளிகையில் இருந்து, 2001-இல் ஒரு கோடியே மூன்று இலட்சம் பவுனுக்குத் தனியார் ஒருவர் கைக்குச் சென்றது. அதை நாட்டிலேயே நிறுத்த வேண்டி, ஏற்றுமதிக்குத் தடை விதித்தனர். டேட் என்னும் கலைக்கூடம் ஒன்றேகால் கோடிப் பவுன் திரட்டிச் சென்று கேட்டது, உரிமையாளர் இசையவில்லை. இருபதாண்டுக்கு மேல் காத்திருந்து, 2023-இல் இலண்டன் தேசிய உருவப்படக் கூடமும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும் ஆளுக்குப் பாதியாக ஐந்து கோடிப் பவுன் கொடுத்து வாங்கின. இன்று இரு நாட்டாரும் முறை வைத்து அதனைக் காண்கின்றனர். பணம் மிக்கோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. தனியாக முடியாததைக் கூடி முடித்தனர். கோடிகள் நம்மிடம் இல்லை. காத்திருப்பதற்கும் கூடிச் செய்வதற்கும் கோடிகள் தேவையில்லை அல்லவா?

எங்கள் முயற்சியின் முடிவு இது: அம்மையார் படத்தை விற்கவில்லை. தாம் உள்ளவரை அது தம் கூடத்திலேயே இருக்க வேண்டும் என்றார். மக்கள் மூவரும் ஒப்பி எழுதிக் கொடுத்தனர். அதன்படி, பிற்காலத்தில் படத்தை விற்கவோ கொடுக்கவோ நேர்ந்தால், முதலில் நம் சங்கத்தையும் இந்நகர் அருங்காட்சியகத்தையும் கேட்பார்கள். பதிவுக்கு வேண்டிய புகைப்படங்களும் விண்ணப்பமும் ஆயத்தம் செய்ய உதவினோம். படத்தின் நல்ல புகைப்படப் படி ஒன்றை அம்மையாரே தம் செலவில் செய்வித்து நூலகத்துக்கு அளித்தார். இவ்விழா முடிந்தபின் நூலகச் சுவரில் அதைக் காணலாம். கீழே உள்ள அட்டையில் பெரியவரின் பெயரும் அவர் ஊரும் உள்ளன. அம்மையாரின் விருப்பப்படி அவர் வந்த வழி மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. இன்று அவர் வீடு எங்கே என்பது சொல்லப்படவில்லை. ஓவியர் என்னும் இடத்தில், 'பெயர் அறியப்படவில்லை' என்று எழுதியுள்ளோம். அந்த இரு சொற்களை எழுதுவதற்குச் சிலர் தயங்கினர். எங்களுக்கோ, அச்சுவரில் உள்ள சொற்களில் அவையே பெருமை தருவன.

பெரியோர்களே! இச்செய்தியிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் செய்யத் தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் சுவரைப் பாருங்கள். ஓவியமாயினும் புகைப்படமாயினும், அதில் உள்ளவர் பெயர், ஊர், உங்களுக்கு என்ன முறை என்பதை ஒரு தாளில் எழுதி, படத்தின் பின்னட்டையில் உறையில் இட்டு வையுங்கள். கித்தானின் முதுகில் பேனாவால் எழுதாதீர்கள். மை ஊறி முன்புறம் தெரியும். வீட்டு முதியவர்களிடம் கேட்க வேண்டியதை இவ்வாண்டே கேளுங்கள்.

பெரியவர்களின் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது நம் வழக்கம். அன்பின் அடையாளந்தான், ஆயினும் எண்ணெய் ஓவியத்தின் நெற்றியில் இடும் ஈரச் சந்தனம், காய்ந்து உரியும்போது வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும். கண்ணாடி இருந்தால் கண்ணாடியின் மேல் இடுங்கள். இல்லையேல் சட்டத்தில் இடுங்கள். ஊதுவத்தியைப் படத்தின் அடியில் ஏற்றாதீர்கள். வெயில் நேராக விழும் சுவரும் அடுக்களைப் புகை படியும் சுவரும் ஓவியத்துக்குப் பகை. ஈரத்துணியாலோ, சிலர் சொல்லும் உருளைக்கிழங்கு, வெங்காயத் துண்டுகளாலோ தேய்த்துத் துலக்க முனையாதீர்கள். மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு நில்லுங்கள்; மிஞ்சியதை வல்லுநரிடம் விடுங்கள். இலக்னோவில் 1976 முதல் பண்பாட்டுச் செல்வங்களைப் பாதுகாப்பதற்கென்றே தேசிய ஆய்வுக்கூடம் இயங்கி வருகிறது. 1984-இல் தோன்றிய இன்டாக் நிறுவனத்துக்கும் பாதுகாப்புக் கூடங்கள் உண்டு. சட்டம் மாற்றுவதாயினும், முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்கு அனுப்புங்கள். எங்கள் அம்மையார் வீட்டில் அந்த ஒரு புகைப்படம் இருந்திருந்தால், மூலையில் எழுத்து எப்போது வந்தது என்பதை விளக்கின்றியே சொல்லியிருக்கலாம்.

எவரேனும் வந்து விலை கேட்டால், அன்றே விடை சொல்லாதீர்கள். இரண்டாம் கருத்துக் கேளுங்கள். மக்கள் அனைவரையும் கேளுங்கள். வந்தவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்கு அடையாளம். வாங்கச் செல்வோரும் இதையே நெஞ்சில் கொள்ளுங்கள்.

பிழைப்பைத் தேடி வந்த இடத்தில் நாம் வீடு கட்டினோம், கோயில் எடுத்தோம், சங்கம் வளர்த்தோம். நமக்கு முன் வந்தவர்கள் யார் என்பதை நம் மக்கள் அறிய, முகங்களும் பெயர்களும் சேர்ந்தே இருக்க வேண்டும். நூலகத்தில் இதற்கென ஒரு பதிவேடு திறந்துள்ளோம். உங்கள் வீட்டுப் படத்தை நாங்கள் கேட்கவில்லை. படத்தில் உள்ளவரைப் பற்றிப் பத்து வரி எழுதித் தாருங்கள் என்றே கேட்கிறோம். முதற் பக்கத்தில் அம்மையார் தம் கையால் எழுதியிருக்கிறார். இரண்டாம் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.